நலமான கண்ணை அளந்த மேதை

க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி

நாம் வைத்தியரிடம் போனால் அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். கிடைக்கும் அறிக்கையில் நமக்குரிய இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். அது நோயற்றவர்களுக்குரிய அளவு. இந்த இரண்டாவது இலக்கம் இல்லையென்றால் முதலாவது இலக்கத்தை வைத்துக்கொண்டு எவராலும் எதுவும் சொல்ல முடியாது. இது கூடியதா, குறைந்ததா, பயப்பட வேண்டியதா என்பதெல்லாம் நலமான உடலின் அளவு தெரிந்த பிறகுதான் தெரியவரும்.

நோயைக் குணப்படுத்தியவர்களை உலகம் கொண்டாடுகிறது. நலமான உடலைப் பொறுமையோடு அளந்து வைத்தவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. அப்படி நினைக்கப்பட வேண்டியவர்களுள் ஒருவர் ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். சக்திக் காப்பு விதியைப் படிக்கும்போது பௌதிகவியல் மாணவர்கள் அவருடைய பெயரைக் கேள்விப்படுவார்கள். ஆனால் நமது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் விழிவெண்படலத்தின் வளைவை, உயிருள்ள மனிதரின் கண்ணைத் தொடாமலேயே நுட்பமாக அளப்பதற்கு வழி காட்டியவரும் அவரே. அந்த வாழ்க்கையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

பிறப்பும் இளமையும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதி பேர்ளினுக்கு அருகிலுள்ள பொட்ஸ்டாம் நகரத்தில் பிறந்தார். தந்தை ஃபேர்டினான்ட் ஓர் ஆசிரியர். மொழிகளிலும் தத்துவத்திலும் ஈடுபாடு கொண்டவர். தாயின் பெயர் கரோலின். ஆசிரியச் சம்பளத்தில் பல பிள்ளைகளை வளர்த்த சாதாரண குடும்பம் அது.

சிறு வயதில் ஹேர்மன் நோயாளிப் பிள்ளை. நீண்ட நாட்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அந்நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவை மரக்கட்டைகள். அவற்றை அடுக்கி விளையாடியே வடிவங்களின் இயல்புகளைத் தெரிந்துகொண்டார். பின்னர் பாடசாலையில் கேத்திரகணிதம் கற்பித்தபோது அங்கே சொல்லப்பட்டவற்றுள் பல அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததைக் கண்டு ஆசிரியர்கள் வியந்தார்கள். ஆனால் எல்லாவற்றிலும் அவர் கெட்டிக்காரராக இருக்கவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்களை மனனம் செய்வது அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. இடது எது, வலது எது என்று பிரித்தறிவதிலும் சிரமப்பட்டார். இலத்தீன் பாட வேளையில் மற்றவர்கள் பழைய நூல்களை வாசித்துக்கொண்டிருக்க, இவர் மேசைக்குக் கீழே தொலைகாட்டிக்குள் ஒளிக்கதிர்கள் செல்லும் பாதையை வரைந்துகொண்டிருப்பார். மனனம் வரவில்லை என்று கவலைப்படும் தங்கைகள் இதைக் கவனிக்கலாம். ஒரு பிள்ளையின் திறமை எந்தக் கதவால் வெளிவரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

அவருக்குப் பிடித்த பாடம் பௌதிகவியல். ஆனால் அதைப் படிக்க வைப்பதற்குத் தந்தையிடம் பணம் இல்லை. ஆகவே குடும்பம் வேறொரு வழியைத் தேடியது. இராணுவத்துக்கு வைத்தியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்று பேர்ளினில் இருந்தது. அங்கு படிப்புக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பதிலாகப் படித்து முடித்தபின் எட்டு வருடங்கள் இராணுவத்தில் கடமையாற்ற வேண்டும். 1838 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அங்கே சேர்ந்தார். விரும்பிய கல்வி கிடைக்காதபோது கிடைத்த கல்வியை ஏற்றுக்கொண்டார். பின்னர் அவருடைய வாழ்க்கை முழுவதையும் பார்க்கும்போது, மருத்துவமும் பௌதிகவியலும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததற்கு அந்த வறுமையே காரணமாக அமைந்தது என்று தோன்றுகிறது.

நுணுக்குக்காட்டியும் முகாமும்

மாணவராக இருந்தபோது அவரைக் கடும் காய்ச்சல் பிடித்தது. பல வாரங்கள் வைத்தியசாலையில் இருந்தார். அந்நிறுவன மாணவர் என்பதால் சிகிச்சை இலவசம். அதனால் அந்தக் காலத்துக்கான அவருடைய சிறு உதவிப்பணம் செலவாகாமல் மிஞ்சியது. குணமடைந்து வந்ததும் அந்தப் பணத்தில் ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கினார். அது உயர்தரமான கருவி அல்ல. ஆனாலும் அதைக் கொண்டே நரம்பு நார்கள் நரம்புக் கலங்களிலிருந்து புறப்படுகின்றன என்பதைச் சிறு உயிரினங்களில் ஆராய்ந்து 1842 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர் அக்காலத்தில் ஜேர்மனியின் புகழ்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். அவரைச் சுற்றி இளம் மாணவர்கள் பலர் இருந்தார்கள். உயிருள்ள உடலில் நடப்பவற்றையும் பௌதிகவியல், இரசாயனவியல் விதிகளாலேயே விளக்க வேண்டும், அளந்து காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ஹெல்ம்ஹோல்ட்ஸும் அவர்களுள் ஒருவரானார்.

இராணுவ வைத்தியராகப் பொட்ஸ்டாமில் கடமையாற்றியபோது முகாமிலேயே சிறிய ஆய்வுகூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். தசை வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று தவளையின் தசைகளில் அளந்தார். இவ்வாய்வுகளின் வழியாகவே சக்தி அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது என்ற பெரும் உண்மையைக் கணித முறையில் எழுதும் எண்ணம் அவருக்கு வந்தது. 1847 இல் 26 வயது நிறைவதற்கு முன்பே அதனைப் பேர்ளின் பௌதிகச் சங்கத்தில் வாசித்தார். பெயர்பெற்ற ஆய்விதழ் ஒன்று அக்கட்டுரையை ஏற்க மறுத்தது. அவர் அதைச் சிறு நூலாக அச்சிட்டார். இன்று அது விஞ்ஞான வரலாற்றின் மிக முக்கியமான எழுத்துக்களில் ஒன்று.

கோனிக்ஸ்பேர்க்கில் ஒரு இல்லறம்

அவருடைய திறமையைக் கண்டு இராணுவம் மிகுதிக் காலத்துக்கான கடமையிலிருந்து அவரை விடுவித்தது. 1849 இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்நகரம் இன்று ரஷ்யாவுக்குச் சொந்தமானது. கலினின்கிராட் என்று அழைக்கப்படுகிறது. நிலையான வருமானம் வந்ததும் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒல்கா வொன் வெல்தன் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார்.

நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகத்தை அளக்க முடியாது என்றே அக்காலத்தில் நம்பப்பட்டது. அவருடைய ஆசிரியர் முல்லரும் அவ்வாறே கருதியிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பை எடுத்து, தசைக்கு அருகில் ஒரு முறையும் தூரத்தில் ஒரு முறையும் தூண்டி, தசை சுருங்குவதற்கு எடுத்த நேர வித்தியாசத்தை மின்னோட்டத்தின் உதவியால் அளந்தார். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் என்று கண்டார். ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டால்கூட இது மிகவும் குறைவு. நமது விரலில் முள் குத்தினால் அது மூளைக்குத் தெரியச் சிறிது நேரம் எடுக்கிறது என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது.

இப்பரிசோதனைகளின்போது கருவியைப் பார்த்து இலக்கங்களை எழுதி வைத்தவர் ஒல்கா. திருமணமான புதிதில் ஓர் இளம் பெண் தவளை நரம்புகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். விஞ்ஞான நூல்களில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஒல்காவின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணின் உள்ளே தெரிந்தது

1850 ஆம் ஆண்டின் இறுதியில் மாணவர்களுக்குக் கண்ணைப் பற்றிய பாடத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். சில நேரங்களில் கண்மணி சிவந்து ஒளிர்வது ஏன் என்பது அப்பாடத்தில் ஒரு கேள்வி. கண்ணுக்குள் சென்ற ஒளி, வந்த வழியாகவே திரும்பிச் செல்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. அப்படியானால் திரும்பி வரும் ஒளியைப் பார்க்க வேண்டுமானால் பார்ப்பவரின் கண் விளக்கு இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் விளக்கு இருக்கும் இடத்தில் தலையை வைக்க முடியாதே!

இதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சரிவாகப் பிடித்தால் பக்கத்திலிருக்கும் விளக்கின் ஒளி அதில் தெறித்து நோயாளியின் கண்ணுக்குள் செல்லும். உள்ளிருந்து திரும்பி வரும் ஒளியில் ஒரு பகுதி அதே தகடுகளை ஊடுருவிப் பார்ப்பவரின் கண்ணை அடையும். மட்டை, பசை, நுணுக்குக்காட்டிக்குரிய கண்ணாடித் தகடுகள், மூக்குக்கண்ணாடி வில்லை ஆகியவற்றைக் கொண்டு அவரே அந்தக் கருவியை ஒட்டித் தயாரித்தார். சில நாட்கள் தோல்வியின்பின், உயிருள்ள மனிதரின் விழித்திரையும் அதில் ஓடும் இரத்தக் குழாய்களும் அவருடைய கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அந்த மகிழ்ச்சியை டிசெம்பர் மாதத்தில் தந்தைக்குக் கடிதத்தில் எழுதினார். 1851 இல் கருவியைப் பற்றிய நூல் வெளிவந்தது. ஒப்தல்மோஸ்கோப் என்ற அக்கருவியின் புதிய வடிவங்களைத்தான் இன்றும் வைத்தியர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

அளக்க முடியாததை அளத்தல்

கண்ணின் உட்புறத்தைப் பார்த்தாயிற்று. அடுத்து அவர் மனதை எடுத்துக்கொண்டது கண்ணின் வெளிப்புறம்.

ஒளி கண்ணுக்குள் முறிவடைவது வில்லையினால்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கண்ணின் முறிவு வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விழிவெண்படலத்திலிருந்தே கிடைக்கிறது. அதன் மையத்தின் தடிப்பு அரை மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. அதன் வளைவில் மிகச் சிறிய மாற்றம் ஏற்பட்டாலும் பார்வை மங்கிவிடும்.

இப்படலத்தைப் பற்றிய அறிவு நீண்ட வரலாறு கொண்டது. கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் தமது கிதாபுல் மனாழிர் என்ற நூலில் கண்ணின் படைகளைக் கேத்திரகணித முறையில் கோள மேற்பரப்புகளாக விபரித்தார். அரபு மொழியில் விழிவெண்படலத்துக்குக் கர்னிய்யா என்று பெயர். கொம்பு போன்றது என்பது அதன் பொருள். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் கோர்னியா என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். அந்நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு 1572 இல் பாசல் நகரில் அச்சாகியது. ஆனால் உயிருள்ள கண்ணை நுட்பமாக அளக்கும் கருவி அக்காலத்தில் யாரிடமும் இருக்கவில்லை.

1801 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் யங் தன்னுடைய கண்ணையே கவராயம் கொண்டு அளந்தார். பின்னர் வேறு சிலரும் முயன்றார்கள். எல்லோருக்கும் ஒரே தடைதான். இறந்தவரின் கண் அசையாது, ஆனால் அது விரைவில் சுருங்கி வடிவம் மாறிவிடும். உயிருள்ள கண் சரியான வடிவத்தில் இருக்கும், ஆனால் அது ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை. நாம் எவ்வளவு முயன்று ஒரே இடத்தைப் பார்த்தாலும் கண் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழிவெண்படலத்தை ஒரு குவிவாடியாக எடுத்துக்கொண்டார். ஒருவரின் கண்ணை உற்றுப் பார்த்தால் அதில் யன்னலின் சிறிய விம்பம் மின்னுவதைக் காணலாம். அது விழிவெண்படலத்தின் முன்புறத்தில் ஒளி தெறிப்பதால் உண்டாகும் மாய விம்பம். ஆடி கூடுதலாக வளைந்திருந்தால் விம்பம் சிறிதாக இருக்கும். குறைவாக வளைந்திருந்தால் விம்பம் பெரிதாக இருக்கும். பொருளின் அளவும் தூரமும் தெரிந்து, விம்பத்தின் அளவையும் கண்டுபிடித்தால் வளைவாரையைக் கணக்கிடலாம். உதாரணமாக 300 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு விளக்குகளை வைத்து, அவற்றை ஒரு மீற்றர் தூரத்தில் பிடித்தால், சாதாரண கண்ணில் அவற்றின் விம்பங்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றராக இருக்கும். இந்தச் சிறு தூரத்தை, அதுவும் அசைந்துகொண்டிருக்கும் கண்ணில், எப்படி அளப்பது?

இதற்கான விடை வானத்திலிருந்து கிடைத்தது என்று சொல்லலாம். நட்சத்திரங்களுக்கு இடையிலான சிறு கோணங்களை அளப்பதற்கு வானியலாளர்கள் ஹீலியோமீற்றர் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். அதன் வில்லை இரண்டாகப் பிளக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரியும். இதே கோனிக்ஸ்பேர்க் நகரத்தில்தான் பெசல் என்ற வானியலாளர் 1838 இல் அக்கருவியைக் கொண்டு ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைக் கணித்திருந்தார். ஒன்றை இரண்டாக்கி அளக்கும் அதே தத்துவத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய கருவியில் ஒரு சிறிய தொலைகாட்டிக்கு முன்னால் இரண்டு தடித்த கண்ணாடித் தகடுகள் அருகருகே நிற்கும். சாதாரண தரத்தில் நாம் கண்ணாடிக் குற்றிக்குள் ஒளிக்கதிரைச் செலுத்திய பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். சரிவாக நுழையும் கதிர் வெளியேறும்போது திசை மாறாமல் பக்கவாட்டில் சற்று நகர்ந்திருக்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் இரண்டு தகடுகளையும் எதிரெதிர்த் திசைகளில் திருப்பினார். ஒரு தகட்டினூடாகத் தெரியும் விம்பம் இடப்பக்கமும் மற்றதனூடாகத் தெரியும் விம்பம் வலப்பக்கமும் நகர்ந்தன. ஒரு விம்பத்தின் ஓரம் மற்றதன் ஓரத்தைச் சரியாகத் தொடும்வரை திருப்பினால் போதும். எவ்வளவு கோணம் திருப்பப்பட்டது என்பதிலிருந்து விம்பத்தின் அளவு கிடைத்துவிடும்.

இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், கண் அசையும்போது இரண்டு விம்பங்களும் சேர்ந்தே அசைகின்றன. அவை ஒன்றையொன்று தொடும் நிலை குலைவதில்லை. அசைவை நிறுத்துவதற்கு அவர் முயலவில்லை. அசைவு இருந்தாலும் கெடாத அளவீடு ஒன்றை அவர் கண்டுபிடித்தார். கண்ணைத் தொடவில்லை, நோகச் செய்யவில்லை. எதிரே இருப்பவர் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தால் மாத்திரம் போதும். இக்கருவிக்கு ஒப்தல்மோமீற்றர் என்று பெயர் வைத்தார். 1855 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அதனைப் பற்றி விரிவாக எழுதினார்.

நலமான கண் எப்படி இருக்கிறது?

நோயற்ற கண்களை அளந்தபோது கிடைத்த விடைகள் சிந்திக்கத் தக்கவை. அவர் ஆரம்பத்தில் அளந்த மூவரின் விழிவெண்படல வளைவாரை ஏறத்தாழ 7.3 மில்லிமீற்றரிலிருந்து 8.2 மில்லிமீற்றர் வரை வேறுபட்டிருந்தது. மூவரும் நலமானவர்களே, ஆயினும் மூவருக்கும் ஓர் அளவு இல்லை. இன்று எண்ணற்ற மக்களை அளந்தபின் வளர்ந்தவர்களுக்குரிய சராசரி ஏறத்தாழ 7.8 மில்லிமீற்றர் என்றும் குறுக்காக உள்ள விட்டம் ஏறத்தாழ 11.7 மில்லிமீற்றர் என்றும் சொல்கிறோம். நலம் என்பது ஒரு தனி இலக்கமல்ல, ஒரு வீச்சு என்ற உண்மை அந்த முதல் மூவரிடமே தெரிந்துவிட்டது.

இரண்டாவதாக, விழிவெண்படலம் பந்தின் துண்டு போல முழுமையான கோளமாக இல்லை. நடுவில் கூடுதலாக வளைந்தும் ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்லத் தட்டையாகியும் இருக்கிறது. மூன்றாவதாக, நாம் ஒன்றைக் கூர்ந்து பார்க்கும் கோடு இப்படலத்தின் நடுப்புள்ளியூடாகச் செல்வதில்லை, சற்று விலகியே செல்கிறது. நான்காவதாக, கிட்டத்திலுள்ள பொருளைப் பார்க்கும்போது விழிவெண்படலத்தின் வடிவம் மாறுவதில்லை. உள்ளேயிருக்கும் வில்லைதான் தடிக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கிராமர் என்பவரும் தனியாக ஆராய்ந்து இந்தக் கடைசி உண்மையைக் கண்டிருந்தார். அது அவருக்குரிய பெருமை என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒப்புக்கொண்டார்.

நெதர்லாந்தின் மற்றொரு வைத்தியரான டொண்டர்ஸ் ஒப்தல்மோமீற்றரைப் பயன்படுத்திப் பலரின் கண்களை அளந்தார். சிலருடைய விழிவெண்படலம் ஒரு திசையில் கூடுதலாகவும் மற்றத் திசையில் குறைவாகவும் வளைந்திருப்பதே அவர்களுக்கு எழுத்துக்கள் சிதைந்து தெரியக் காரணம் என்று காட்டினார். அதற்குரிய உருளை வில்லைகளைக் கொடுத்தால் அவர்களுடைய பார்வை சீராகும். எத்தனையோ பிள்ளைகள் படிப்பில் மந்தம் என்று ஒதுக்கப்பட்டிருப்பார்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது அறிவல்ல, ஒரு கண்ணாடிதான். நலமான கண்ணின் அளவு தெரிந்ததால்தான் அந்தக் குறையைக் காண முடிந்தது.

1881 இல் பாரிஸில் ஜவால், ஷ்யோட்ஸ் என்ற இருவரும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவியை வைத்தியசாலைகளில் இலகுவாகப் பயன்படுத்தக்கூடியவாறு மாற்றி அமைத்தார்கள். பிறருடைய கண்களை அளக்க வழிசெய்த ஜவால், பிற்காலத்தில் கண் அழுத்த நோயினால் தனது பார்வையை முற்றாக இழந்தார் என்பதை வாசிக்கும்போது மனம் கனக்கிறது.

எங்கள் உம்மும்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்வதற்கு முன் ஒரு கருவியில் நாடியை வைத்து வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்வையைச் சோதிக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அங்கே அளக்கப்பட்டது விழிவெண்படலத்தின் வளைவு. அதோடு கண்ணின் நீளத்தையும் அளந்துதான் உள்ளே பொருத்த வேண்டிய செயற்கை வில்லையின் வலுவைத் தீர்மானிக்கிறார்கள். அளவு பிழைத்தால் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தாலும் பார்வை தெளியாது. இப்போது உம்மும்மா வாசிப்புக் கண்ணாடியுடன் மீண்டும் குர்ஆன் ஓதுகிறார். கோனிக்ஸ்பேர்க்கில் தொடங்கிய ஓர் அளவீடு 170 வருடங்களுக்குப் பிறகு எங்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

துயரமும் உழைப்பும்

கோனிக்ஸ்பேர்க்கின் குளிர் ஒல்காவின் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய உடல்நலம் நாளுக்கு நாள் கெட்டது. மிதமான காலநிலையுள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்பதும் ஒரு காரணமாக, 1855 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் றைன் நதிக்கரையில் பொன் என்னும் பெயருடைய நகரத்தின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1858 இல் ஹைடல்பேர்க்குக்குச் சென்றார். எங்கு சென்றும் ஒல்கா குணமடையவில்லை. 1859 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தை காலமானார். அதே ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில் ஒல்காவும் இறந்துபோனார். இரண்டு சிறு பிள்ளைகள் தாயை இழந்தார்கள். கடுமையான தலைவலியாலும் மயக்கத்தாலும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவதிப்பட்டார்.

எத்தனையோ விடயங்களை அளந்த அவரால் தன் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை. காசநோய்க்குக் காரணமான கிருமி எது என்பதுகூட அன்று உலகுக்குத் தெரியாது. அதைக் கொஹ் கண்டுபிடித்தது 1882 இல்தான். அறியாமை எவ்வளவு விலை கேட்கும் என்பதை அந்த வீடு அறிந்திருந்தது.

1861 இல் அவர் அன்னா வொன் மோல் என்பவரை மறுமணம் செய்தார். உழைப்பை அவர் நிறுத்தவில்லை. கண்ணைப் பற்றி அதுவரை அறியப்பட்ட யாவற்றையும் தொகுத்து எழுதிய பெருநூலை 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். செவியையும் இசையையும் பற்றிய நூல் 1863 இல் வந்தது. மனிதக் கண் குறைகள் எதுவுமில்லாத கருவி என்று அவர் புகழவில்லை. அதன் குறைகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். அத்தனை குறைகளோடும் நாம் உலகத்தை இவ்வளவு தெளிவாகக் காண்கிறோமே, கண்ணும் மூளையும் சேர்ந்து இதை எப்படிச் செய்கின்றன என்பதே அவருக்கு வியப்பாக இருந்தது.

ஹைடல்பேர்க்கில் நடந்த இன்னொன்றை நாம் அறிந்திருக்க வேண்டும். அங்கு பெண்களைப் பல்கலைக்கழக மாணவிகளாகச் சேர்ப்பதில்லை. 1869 இல் ரஷ்யாவிலிருந்து சோபியா கோவலெவ்ஸ்கயா என்ற பத்தொன்பது வயதுப் பெண் அங்கு வந்தார். பேராசிரியர்களிடம் அனுமதி பெற்றே விரிவுரைகளைக் கேட்க வேண்டியிருந்தது. அவருக்கு வகுப்பில் இடம் கொடுத்தவர்களுள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஒருவர். அந்தப் பெண் பின்னர் ஸ்டொக்ஹோமில் கணிதப் பேராசிரியரானார்.

இறுதிக் காலம்

1871 இல் பேர்ளின் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. பணமில்லாததால் இளமையில் படிக்க முடியாமற்போன பாடத்துக்கு, ஐம்பது வயதில் நாட்டின் முதன்மையான பேராசிரியராக வந்தமர்ந்தார். வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹேர்ட்ஸ் அவருடைய மாணவர்.

1886 இல் ஜேர்மனியக் கண் வைத்தியர்கள் கிரேஃபே என்ற பெரும் கண் வைத்தியரின் பெயரால் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தி, அதனை முதன்முதலாக ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு வழங்கினார்கள். கண் வைத்தியராகத் தொழில் செய்யாத ஒருவருக்குக் கிடைத்த கௌரவம் அது. 1887 இல் தொழிலதிபர் சீமென்ஸின் முயற்சியால் அளவீடுகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் பேர்ளினில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரும் இவரே. வாழ்நாள் முழுவதும் அளந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பதவி வேறில்லை.

முதுமையில் இழப்புகள் தொடர்ந்தன. மகன் றொபேர்ட் 1889 இல் இறந்தார். அன்பு மாணவர் ஹேர்ட்ஸ் 36 வயதில், 1894 ஆம் ஆண்டின் முதல் நாளன்று காலமானார். அவர் விட்டுச் சென்ற நூலுக்கு ஆசிரியரே முன்னுரை எழுத நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சிக்காகோ சென்று திரும்பும்போது கப்பலின் படிகளில் விழுந்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் தலையில் காயமடைந்திருந்தார். அதன்பின் முன்னைய பலம் திரும்பவில்லை. 1894 செப்டெம்பர் 8 ஆம் திகதி, தமது 73 ஆவது வயதில் காலமானார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்த கண்கள் நோயுற்றவை அல்ல. அவற்றை அளந்ததால் அன்று எவருக்கும் உடனடியாகப் பார்வை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் அடுத்தடுத்த தலைமுறைகளில் மூக்குக்கண்ணாடி, தொடுவில்லை, கண்புரைச் சத்திரசிகிச்சை என்று பார்வை பெற்றவர்கள் எல்லோரும் அந்த அளவீட்டுக்குக் கடமைப்பட்டவர்கள். வைத்தியராக வேண்டும் என்று கனவு காணும் நாம், நோயை விரட்டும் வேகத்தோடு நலத்தை அறியும் பொறுமையையும் சேர்த்துப் பழகுவோம். பெற்றோரும் தம் பிள்ளைகளின் கண்களை, குறை வரும்வரை காத்திராமல், நலமாக இருக்கும்போதே ஒருமுறை பரிசோதித்து வைப்பது நல்லது. அப்படிக் குறித்து வைத்த அளவு நாளை மாற்றம் ஏதும் வந்தால் அதைக் காட்டிக் கொடுக்கும்.